பூமிக்கும் ஒரு வால் உண்டு!

இடம் மாற்றப்பட்ட விண்கலம் 15 லட்சம் கி.மீ. தூரத்தில் கண்ட அதிசயம்

பௌர்ணமி இரவு. தாராவியிலும் மாதுங்காவிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் மொட்டை மாடிக்கு வந்து நிற்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பது ஒரே நிலாவைத்தான். ஊரில் இருக்கும் தாயாரும் அதே நிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நிலா அப்போது எங்கே நிற்கிறது தெரியுமா? பூமியின் வாலுக்குள்!

வால்நட்சத்திரத்துக்கு வால் உண்டு, பூமிக்கு ஏது வால் என்று கேட்கலாம். உண்டு. கண்ணுக்குத் தெரியாத காந்த வால். சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கமாக, அதாவது பூமியின் இரவுப் பக்கத்தில் இருந்து கிளம்பி, சந்திரனையும் தாண்டிப் பல லட்சம் கி.மீ. தூரத்துக்கு நீண்டு கிடக்கிறது. மாதம் ஒரு தடவை, பௌர்ணமியை ஒட்டி, சில நாட்கள் சந்திரன் அதற்குள் புகுந்து வெளியே வருகிறது.

இந்த வாலில் இருந்து அவ்வப்போது ஒரு துண்டு அறுந்து போகிறது. எட்டுப் பூமிகளை வரிசையாக அடுக்கி வைத்தால் எவ்வளவு நீளமோ, ஏறத்தாழ அவ்வளவு நீளத்துண்டு. நொடிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் அது விண்வெளிக்குள் ஓடிவிடுகிறது. அது அறுகிற அதே சமயத்தில் துருவப் பிரதேசத்து வானம் பச்சையும் சிவப்புமாகப் பற்றி எரிகிறது.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி சொன்னார். எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்துச் சாட்சி சொல்ல அங்கே யாரும் இல்லை. கடைசியில், வேறு வேலைக்காக அனுப்பப்பட்ட விண்கலம் ஒன்றை டிரான்ஸ்பர் செய்து அந்த இருட்டுக்குள் அனுப்பினார்கள்.

வால் எப்படி முளைத்தது?

பூமி ஒரு பெரிய காந்தம். திசைகாட்டி முள் வடக்கு நோக்கி நிற்பது அதனால்தான். பூமி தனியாக இருந்தால் அதன் காந்த சக்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி நிற்கும். ஆனால் சூரியன் அதை அப்படி இருக்க விடுவதில்லை.

சூரியனில் இருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. இது நாம் மூச்சு விடும் காற்று அல்ல. அணுக்கள் உடைந்து, மின்சாரம் ஏறிய துகள்களாகப் பிரிந்து கிடக்கும் ஆவி. இதற்குப் 'பிளாஸ்மா' என்று பெயர். ஆபீசில் எரியும் டியூப் லைட்டுக்குள் ஒளிவிடுவதும் ஒருவகைப் பிளாஸ்மாதான்.

சூரியக் காற்றின் வேகம் சாதாரணமாக நொடிக்கு 400 கி.மீ. மும்பையில் இருந்து சென்னைக்கு ரெயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. சூரியக் காற்றுக்கு அந்தத் தூரம் மூன்று நொடி. சூரியனில் இருந்து பூமிக்கு 15 கோடி கி.மீ. அதை நாலு நாளில் கடந்து வந்து பூமியின் காந்தப் போர்வை மீது மோதுகிறது.

மோதும் பக்கத்தில், பகல் பக்கத்தில், காந்தப் போர்வை அமுங்கிவிடுகிறது. அங்கே அதன் எல்லை 65 ஆயிரம் கி.மீ. தூரத்திலேயே முடிகிறது. இரவுப் பக்கத்திலோ நேர்மாறு. எதிர்க்காற்றில் ஓடுகிறவனின் மேல்துண்டு பின்னால் பறப்பது போல, காந்தப் போர்வை பின்னால் இழுபட்டு நீண்டுவிடுகிறது. அதுதான் வால்.

சந்திரசேகர் வெளியிட்ட கட்டுரை

இப்படி ஒரு காற்று இருக்கிறது என்று 1958-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி யூஜீன் பார்க்கர். அவருடைய கட்டுரையைப் பரிசீலித்த இரண்டு நிபுணர்களும் அதை வெளியிட வேண்டாம் என்றார்கள்.

அந்த விஞ்ஞானப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர்! அவருக்கும் பார்க்கரின் முடிவில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் தப்பு எதுவும் இல்லை என்று கண்டார். தப்பு இல்லாத கட்டுரையைத் தள்ளக்கூடாது என்று சொந்தப் பொறுப்பில் வெளியிட்டார். 1962-ல் 'மாரினர்-2' விண்கலம் சூரியக் காற்றை நேரிலேயே அளந்து, பார்க்கர் சொன்னது சரி என்று காட்டியது.

சந்திரசேகர் பிறந்தது 1910-ல், லாகூரில். அவருடைய தந்தை அங்கே ரெயில்வேயின் கணக்குத் தணிக்கைப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். உத்தியோகத்துக்காக வடக்கே போன தமிழ்க் குடும்பம். பையன் பிறகு சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கப்பல் ஏறி, 1983-ல் நோபல் பரிசு வாங்கினார்.

பார்க்கரின் காற்று உண்மை என்றால், அது பூமிக்கு ஒரு வாலை உண்டாக்கியிருக்க வேண்டும். 1963 நவம்பரில் அமெரிக்கா ஏவிய 'இம்ப்-1' என்ற சிறு விண்கலம் பூமியின் இரவுப் பக்கத்தில் அந்த வாலைக் கண்டது. காந்தமானியை வைத்து அதை அளந்தவர் நார்மன் நெஸ்.

வாலின் அமைப்பு விசித்திரமானது. மேல்பாதியில் காந்தக் கோடுகள் பூமியை நோக்கி வருகின்றன. கீழ்ப்பாதியில் பூமியை விட்டு விலகிப் போகின்றன. எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு தண்டவாளங்கள் மாதிரி. நடுவில், தட்டையான ஒரு விரிப்பாக, சூடான பிளாஸ்மா பரவிக் கிடக்கிறது. அதன் சூடு கோடி டிகிரியைத் தாண்டும். ஆனால் கையை வைத்தால் சுடாது. ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு துகள் இருப்பதே அபூர்வம்.

நள்ளிரவில் ஏன்?

அலாஸ்கா, நார்வே, வட கனடா போன்ற இடங்களில் இரவு வானத்தில் துருவ ஒளி தோன்றும். மெதுவாக ஆடும் திரைச்சீலை போல மணிக்கணக்கில் நிற்கும். திடீரென்று ஒரு கணத்தில் அது வெடித்துப் பிரகாசித்து, வானம் முழுக்கப் பரவும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். சில இரவுகளில் இது பல தடவை நடக்கும்.

அலாஸ்காவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி சியுன் இச்சி அகாசோபு, பல இடங்களில் வானத்தைப் படம் பிடித்த காமிராக்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். இந்த வெடிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1964-ல் எழுதினார். இதை விஞ்ஞானிகள் 'துணைப் புயல்' என்கிறார்கள்.

அதில் ஒரு புதிர் இருந்தது. சக்தி வருவது சூரியனில் இருந்து. அப்படியானால் சூரியனைப் பார்த்திருக்கும் பக்கத்தில்தானே வெடிக்க வேண்டும்? வெடிப்பு ஆரம்பிப்பது நள்ளிரவுப் பக்கத்தில்! முன்வாசலில் வந்த ஆள், கொல்லைப்புறக் கதவைத் தட்டுவது ஏன்?

வேவு பார்த்த கலம் சொன்ன துப்பு

முதல் துப்பு எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. 1963-ல் விண்வெளியிலும் வளிமண்டலத்திலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்று ஒப்பந்தம் ஆயிற்று. யாராவது திருட்டுத்தனமாக வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா 'வேலா' என்ற விண்கலங்களை ஏவியது. ஒரு லட்சம் கி.மீ.க்கும் மேலான உயரத்தில் அவை சுற்றியதால், வாலுக்குள்ளும் புகுந்து வந்தன.

அவற்றில் இருந்த பிளாஸ்மா கருவிகளின் பதிவுகளை லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எட்வர்டு ஹோன்ஸ் என்ற விஞ்ஞானி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். துருவ ஒளி வெடிக்கும் நேரத்தில், வாலின் நடுவே இருக்கும் பிளாஸ்மா விரிப்பு திடீரென்று மெலிந்து போவதை அவர் கவனித்தார். அங்கிருந்த பிளாஸ்மா பூமியை விட்டு எதிர்ப்பக்கமாக ஓடியது.

1970-களில் அவர் தம்முடைய விளக்கத்தை வைத்தார். பையன்கள் மாங்காய் அடிக்கும் உண்டிவில்லை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்த சக்தியையும் சுமந்து வருகிறது. அதன் திசை தெற்கு நோக்கி இருக்கும்போது, அது பூமியின் காந்தக் கோடுகளோடு பகல் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய கோடுகளைக் காற்று அடித்துக்கொண்டு போய் வாலில் சேர்க்கிறது. ஒரு மணி நேரம் போல இப்படிச் சேர்ந்துகொண்டே போகிறது. உண்டிவில்லின் ரப்பர் இழுபடுகிறது. வால் தடிக்கிறது. நடு விரிப்பு நசுங்கி மெலிகிறது.

ஒரு கட்டத்தில் தாங்க முடிவதில்லை. எதிரெதிர்த் திசையில் இருந்த மேல்கோடும் கீழ்க்கோடும் ஒன்றை ஒன்று தொட்டு அறுந்து, வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது ரப்பர் போலச் சுருங்கிப் பூமியை நோக்கிப் பாய்கிறது. அதோடு வரும் துகள்கள் துருவ வானத்தில் 100 கி.மீ. உயரத்தில் காற்றில் மோதுகின்றன. வானம் எரிகிறது.

அந்தப் பக்கம் இருப்பது என்ன ஆகும்? அதற்கு இனிப் பூமியோடு பிடிமானம் இல்லை. கப்ளிங் கழன்ற வண்டித்தொடர் அது. காந்தக் கோடுகள் தமக்குத் தாமே சுற்றி மூடிக்கொண்ட ஒரு பிளாஸ்மா உருண்டையாக, வால் வழியே வெளியே எறியப்பட வேண்டும். இதற்குப் 'பிளாஸ்மாய்டு' என்று பெயர்.

ஹோன்ஸின் கதை அழகாக இருந்தது. ஆனால் வாலில் இப்படி எதுவும் அறுவதில்லை, பிளாஸ்மா மெலிவதற்கு வேறு காரணம் உண்டு என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். கழன்ற வண்டியைக் கண்ணால் கண்டவர் யார்?

காண வேண்டுமானால் சந்திரனையும் தாண்டி, வாலின் ஆழத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். 1966-ல் 'பயனியர்-7' அதைவிட வெகுதூரத்தில் வாலைக் கடந்து போயிருந்தது. ஆனால் வழிப்போக்கனாகக் கடந்து போனதே தவிர, நின்று காவல் காக்கவில்லை.

டிரான்ஸ்பர் ஆர்டர்

1978 ஆகஸ்டு 12-ந் தேதி அமெரிக்காவின் 'நாசா' ஒரு விண்கலத்தை ஏவியது. பெயர் 'ஐ.எஸ்.இ.இ.-3'. எடை சுமார் 480 கிலோ. பீப்பாய் போன்ற உருவம். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, பூமியில் இருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் கலம் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றி வரும். அந்த இடத்தில் நிலைகொண்ட முதல் விண்கலம் அதுதான்.

(இந்தியாவின் 'ஆதித்யா எல்-1' 2024 ஜனவரி 6-ந் தேதி போய்ச் சேர்ந்ததும் அதே இடத்துக்குத்தான். அந்தத் திட்டத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி.)

ஐ.எஸ்.இ.இ.-3-க்குக் கொடுத்த வேலை, பூமிக்கு வரும் சூரியக் காற்றை முன்கூட்டியே அளந்து சொல்வது. நாலு வருடம் அதைச் செய்தது. அப்போது ராபர்ட் பர்குவர் என்ற விண்பாதை நிபுணர் ஒரு யோசனை சொன்னார். கலத்தில் எரிபொருள் மிச்சம் இருக்கிறது. கருவிகள் நன்றாக வேலை செய்கின்றன. இதைப் பூமியின் வாலுக்கு அனுப்பலாம். பிறகு சந்திரனின் இழுப்பைப் பயன்படுத்தி ஒரு வால்நட்சத்திரத்துக்கும் அனுப்பலாம்!

முன்னால் இருந்த காவலை எடுத்தால் சூரியக் காற்றை யார் அளப்பது என்று சிலருக்கு மனத்தாங்கல். இருந்தாலும் யோசனை ஏற்கப்பட்டது. 1982 ஜூன் 10-ந் தேதி கலம் தன் இடத்தை விட்டுக் கிளம்பியது. எஞ்சினுக்கு முன்னால் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தவனை, கார்டு வண்டிக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்திய மாதிரி ஆயிற்று.

1982 அக்டோபரில் இருந்து 1983 டிசம்பர் வரை அது வாலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. திரும்ப வேண்டிய ஒவ்வொரு தடவையும் சந்திரனுக்குப் பக்கத்தில் போய், அதன் இழுப்பில் சுழன்று திசை மாறியது. ஓடிவருகிற பையன் தூணைப் பிடித்துச் சுழன்று மறுபக்கம் திரும்புவது போலத்தான். அதிகத் தூரம் போனபோது அது பூமியில் இருந்து 15 லட்சம் கி.மீ.க்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து ரேடியோ செய்தி வந்துசேர ஐந்து நொடி ஆகும்.

இருட்டில் நின்றவன் எப்படி அறிந்தான்?

வாலுக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நிறம் இல்லை, ஒளி இல்லை, சத்தம் இல்லை. காமிராவால் பயன் இல்லை. அங்குள்ள காந்த சக்தி, மும்பையில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் சக்தியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். கலம் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

காந்த வளையங்கள் சூழ்ந்த ஒரு உருண்டை கலத்தைக் கடந்து வால்நுனிப் பக்கம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உருண்டையின் முன்பகுதி கடக்கும்போது கலத்தில் இருக்கும் காந்தமானி வடக்குப் பக்கம் சாயும். பின்பகுதி கடக்கும்போது தெற்குப் பக்கம் சாயும். முதலில் வடக்கு, அப்புறம் தெற்கு. அதே நேரத்தில் சூடான பிளாஸ்மா பூமிக்கு எதிர்த்திசையில் வேகமாக ஓட வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அதுதான் பிளாஸ்மாய்டின் கைரேகை.

கைரேகை கிடைத்தது. ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஹோன்சும் அவருடைய சகாக்களும் 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். பூமியில் துணைப் புயல் ஆரம்பித்த நேரத்தைத் தரையில் உள்ள கருவிகள் குறித்து வைத்திருந்தன. அதற்குச் சுமார் அரை மணி நேரம் கழித்து, 14 லட்சம் கி.மீ. தூரத்தில் நின்ற கலத்தைப் பிளாஸ்மாய்டு கடந்தது.

அரை மணியில் 14 லட்சம் கி.மீ. வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 700 கி.மீ.க்கு மேல்! இந்த ஸ்டேஷனில் வண்டி புறப்பட்ட நேரமும், அந்த ஸ்டேஷனை வண்டி கடந்த நேரமும் ஒத்துப் போயின. கழன்ற வண்டி நிஜம்தான் என்று ஆயிற்று.

பிளாட்பாரத்தில் அடித்த காற்று

ஜேம்ஸ் ஸ்லேவின் முதலிய விஞ்ஞானிகள் இன்னொன்றைக் கண்டார்கள். சில சமயம் உருண்டை கலத்தின் மீது படாமல் ஒதுங்கிப் போய்விடும். அப்போதும் சுற்றியுள்ள காந்த சக்தி ஒரு கணம் நெருக்கப்பட்டுத் தளர்கிறது. நிற்காத எக்ஸ்பிரஸ் பக்கத்து லைனில் பாயும்போது, பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் மீது காற்று அடிக்கிறதல்லவா? அதுபோல. வண்டியைத் தொடாமலே வண்டி போனதை அறியலாம்.

உருண்டைகளின் உள்ளமைப்பும் ஆச்சரியமாக இருந்தது. வெறும் வளையங்களை அடுக்கிய மாதிரி இல்லை. பலவற்றில் நடுவே பலமான ஒரு காந்த இழை ஓடியது. அதைச் சுற்றி மற்றக் கோடுகள் புரி புரியாக முறுக்கிக் கிடந்தன. தேங்காய் நார்க் கயிறு திரித்த மாதிரி! இவற்றுக்குக் 'காந்தக் கயிறு' என்று பெயர்.

மார்க் மோல்ட்வின், ஜெப்ரி ஹியூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஐ.எஸ்.இ.இ.-3 அனுப்பிய பதிவுகள் முழுவதையும் சலித்து, 366 பிளாஸ்மாய்டுகளை எண்ணி 1992-ல் எழுதினார்கள். சராசரி நீளம் ஒரு லட்சம் கி.மீ.க்குச் சற்று மேல்.

அதே ஆண்டு ஜூலை 24-ந் தேதி ஜப்பானும் நாசாவும் சேர்ந்து 'ஜியோடெயில்' என்ற விண்கலத்தை ஏவின. 'பூமி வால்' என்பதே அதன் அர்த்தம். வாலை ஆராய்வதற்கென்றே பிறந்த கலம். முதல் இரண்டு வருடத்தில் 13 லட்சம் கி.மீ. வரை போய் வந்தது. அதன் பதிவுகளில் 800-க்கும் மேற்பட்ட பிளாஸ்மாய்டுகளை ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டார்கள். சில ஆண்டுகள் உழைக்கும் என்று அனுப்பிய அந்தக் கலம் 30 வருடம் உழைத்து, 2022-ல் ஓய்வு பெற்றது.

எந்த இடத்தில் அறுகிறது?

வால் அறுவது உண்மை. ஆனால் எங்கே முதலில் அறுகிறது? அறுவது முதலா, துருவ ஒளி வெடிப்பது முதலா? இந்தச் சண்டை நெடுநாள் நடந்தது. ஒரே ஒரு காவல்காரனை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. லைன் நெடுக ஆள் நிற்க வேண்டும்.

2007 பிப்ரவரியில் 'தெமிஸ்' என்ற பெயரில் ஐந்து கலங்களை நாசா ஒரே ராக்கெட்டில் அனுப்பியது. 2008 பிப்ரவரி 26-ந் தேதி அவை வாலில் வெவ்வேறு தூரத்தில் வரிசையாக நின்றபோது ஒரு துணைப் புயல் வெடித்தது. பூமியில் இருந்து சுமார் 1¼ லட்சம் கி.மீ. தூரத்தில், சந்திரனுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கில், கோடுகள் முதலில் அறுந்தன. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் துருவ வானம் பிரகாசித்தது.

2015-ல் ஏவப்பட்ட 'எம்.எம்.எஸ்.' என்ற நான்கு கலங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகப் பறப்பவை. 2017 ஜூலை 11-ந் தேதி, காந்தக் கோடுகள் அறுந்து இணையும் அந்த நுண்ணிய இடத்துக்குள்ளேயே அவை புகுந்து அளந்து வந்தன.

இதனால் நமக்கு என்ன?

லட்சக்கணக்கான கி.மீ. தூரத்தில் நடப்பதால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில், மின்சார பில்லில் இருந்து ரெயில்வே சிக்னல் வரை இருக்கிறது.

உருண்டை அந்தப் பக்கம் ஓடும்போது, அதே வேகத்தில் இந்தப் பக்கமும் ஒரு அடி விழுகிறது. துருவ வானத்தில் பல லட்சம் ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. அது கூடிக் குறையும்போது தரையில் உள்ள நீண்ட கம்பிகளில், கேட்காமலே மின்சாரம் பாய்கிறது.

1982 ஜூலை 13, 14 தேதிகளில் வீசிய பெரிய காந்தப் புயலில், ஸ்வீடன் நாட்டில் ரெயில்வே சிக்னல்கள் வண்டி எதுவும் இல்லாமலே சிவப்புக்கு மாறின. தண்டவாளத்தில் பாய்ந்த அந்நிய மின்சாரம் சிக்னலை ஏமாற்றிவிட்டது. முன்வாசல் காவலில் இருந்த ஐ.எஸ்.இ.இ.-3 அந்த இடத்தை விட்டுக் கிளம்பி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது!

1989 மார்ச் 13-ந் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதைவிட மோசம். ஒன்றரை நிமிடத்தில் மின் தொடர் முழுவதும் விழுந்தது. 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள்.

2010 ஏப்ரல் 5-ந் தேதி 'கேலக்சி-15' என்ற டெலிவிஷன் செயற்கைக் கோள் கட்டுப்பாட்டை இழந்து, எட்டு மாதம் தன் போக்கில் நகர்ந்தது. அதற்குச் சற்று முன் வாலில் இருந்து பாய்ந்த கடுமையான துணைப் புயலே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் அபிப்பிராயம்.

மும்பைக்கும் இதில் பங்கு உண்டு. 1859 செப்டம்பர் 2-ந் தேதி, சரித்திரத்திலேயே மிகப் பெரிய காந்தப் புயல்களில் ஒன்று வீசியது. அமெரிக்காவில் தந்தி ஆபீஸ்காரர்கள் பாட்டரியைக் கழற்றிவிட்டு, வானத்தில் இருந்து வந்த மின்சாரத்திலேயே தந்தி அனுப்பினார்கள். அந்தப் புயலின் அளவை இன்று உலக விஞ்ஞானிகள் எடுத்துப் பார்ப்பது பம்பாய் கொலாபா காந்த ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பதிவில் இருந்துதான்.

பின்னர் பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தது. டிராம் மின்சாரம் காந்தக் கருவிகளைக் குழப்பும் என்பதால், கடலுக்கு அப்பால் அலிபாக்குக்கு நிலையத்தை மாற்றினார்கள். அலிபாக் கருவிகள் இன்றும் பூமியின் காந்தத் துடிப்பைக் குறித்துக்கொண்டிருக்கின்றன.

நிலா சொல்லும் சாட்சி

தெமிஸ் கலங்கள் ஐந்தில் இரண்டை 2011-ல் சந்திரனைச் சுற்ற அனுப்பிவிட்டார்கள். சந்திரன் வாலுக்குள் போகும்போது அவையும் கூடவே போய் அளக்கின்றன. இந்தியாவின் சந்திரயான்-2 கலமும் 2019 செப்டம்பரில், சந்திரனோடு சேர்ந்து வாலைக் கடந்தபோது அங்குள்ள துகள்கள் கூடிக் குறைவதைப் பதிவு செய்தது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. ஜப்பானின் 'காகுயா' கலம், சந்திரன் வாலுக்குள் இருக்கும்போது பூமியின் பிராண வாயுத் துகள்கள் அங்கே வந்துசேர்வதைக் கண்டது. 2020-ல், இந்தியாவின் சந்திரயான்-1 கலத்தில் இருந்த நாசா கருவியின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் சந்திரனில் இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த கனிமம் இருப்பதைச் சொன்னார்கள். காற்றே இல்லாத இடத்தில் துரு எப்படி? பூமியின் வால் வழியாகப் போன பிராண வாயுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

பழைய கலம் என்ன ஆயிற்று?

1983 டிசம்பர் 22-ந் தேதி ஐ.எஸ்.இ.இ.-3 கடைசி முறையாகச் சந்திரனை நெருங்கியது. தரைக்கு மேல் 119 கி.மீ. உயரத்தில், சந்திரனின் நிழலுக்குள் புகுந்தது. அதன் பாட்டரி முன்பே செத்துப் போயிருந்தது. சூரிய ஒளி இல்லாத அந்த நேரத்தில் குளிரில் விறைத்துப் போகுமோ என்று கவலைப்பட்டார்கள். போகவில்லை. மறுபக்கம் உயிரோடு வெளியே வந்தது.

1985 செப்டம்பர் 11-ந் தேதி ஜியாகோபினி-சின்னர் என்ற வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் புகுந்து வந்தது. ஒரு வால்நட்சத்திரத்தை நேரில் கண்ட முதல் விண்கலம் அதுதான். பூமியின் வாலில் வேலை பழகியவனுக்கு இன்னொரு வாலில் வேலை!

1997-ல் நாசா அதற்கு ஓய்வு கொடுத்தது. 2014-ல் அது சூரியனைச் சுற்றிவிட்டுப் பூமிப் பக்கம் திரும்பி வந்தபோது, அதோடு பேசும் பழைய கருவிகள் நாசாவிடமே இல்லை. ஆர்வலர்கள் சிலர் பொதுமக்களிடம் பணம் திரட்டி, பழைய கட்டளைகளைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார்கள். 36 வயதான கலம் பதில் சொன்னது! அதன் எஞ்சினை இயக்கிப் பூமிக்கு அருகே நிறுத்தப் பார்த்தார்கள். முடியவில்லை. 2014 ஆகஸ்டு 10-ந் தேதி சந்திரனைக் கடந்து மறுபடி சூரியப் பாதைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 16-ந் தேதிக்குப் பிறகு அதனிடம் இருந்து செய்தி இல்லை.

ஹோன்ஸ் சொன்னதை அது நிரூபித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. சூரியன் முன்னால் இருந்து அடிக்கிறது. ஆனால் அடி வாங்கிய பூமி அதைச் சேர்த்து வைத்து, கணக்குத் தீர்ப்பது பின்னால், யாரும் பார்க்காத இருட்டில்.

அடுத்த பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் நிற்கிறவர்கள், நிலாவுக்கும் தங்களுக்கும் நடுவே உள்ள அந்தக் கரிய வெளியை ஒரு நிமிடம் பார்க்கலாம். ஒன்றும் தெரியாது. ஆனால் லட்சம் கி.மீ. நீளமுள்ள ஒரு காந்தக் கயிறு அந்த நேரத்தில்தான் அறுந்து, நிலாவைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.